ஹட்டன் மழையில் ட்ரையர் வாங்கினால் கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஆறு மாதக் குழந்தை இருக்கிறது. மே கடைசியில் மழை பிடித்ததிலிருந்து துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. மாமி குசினியில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைக்கிறார், குழந்தை உடுப்பெல்லாம் புகை வாடை. டொப் லோட் வாஷிங் மெஷின் இருக்கிறது. மாதம் 80 யூனிட் அளவில் ஓடுகிறது. ட்ரையர் வாங்கினால் பில் எவ்வளவு கூடும்? எந்த வகை வாங்குவது?

பதில்:

தங்கச்சி, முதலில் கேட்டதற்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றுவிட்ட ஒரு நாள் மூன்று கிலோ துணி துவைத்து, மெஷினிலிருந்து எடுத்த கையோடு சாதாரண ஹீட்டர் ட்ரையரில் போட்டால் மாதம் 35 யூனிட் வரை கூடும். அதே துணியை அதே ட்ரையரில் 15 யூனிட்டுக்குள் காயவைக்கவும் முடியும். துணி எவ்வளவு தண்ணீரோடு ட்ரையருக்குள் போகிறது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கடையில் இதை யாரும் சொல்லமாட்டார்கள். அங்கே எத்தனை கிலோ பிடிக்கும், எத்தனை ப்ரோக்ராம் இருக்கிறது என்றுதான் பேச்சு நடக்கும்.

ஒரு லீட்டர் தண்ணீரை ஆவியாக்கக் குறைந்தது 0.65 யூனிட் சூடு வேண்டும். இது தண்ணீரின் குணம். வெறும் ஹீட்டரை வைத்து இதற்குக் கீழே போக எந்தக் கம்பனியாலும் முடியாது. அதற்கு மேல் டிரம்மைச் சூடாக்க, துணியைச் சூடாக்க, மோட்டார் சுற்ற, வெளியே போகிற சூட்டுக் காற்றோடு வீணாக என்று எல்லாம் சேர்ந்து, ஹீட்டர் ட்ரையருக்கு லீட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் பிடிக்கும். ஒரு லீட்டர், ஒரு யூனிட். இந்தக் கணக்கு மட்டும் மனதில் இருந்தால் போதும், யார் என்ன விளம்பரம் காட்டினாலும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் துணியில் எத்தனை லீட்டர் தங்குகிறது என்று பார்ப்பதும் சுலபம். கொழுந்து நிறுக்கிற தொங்கு தராசு பக்கத்து வீட்டிலாவது இருக்கும். துவைக்கப்போகும் காய்ந்த துணியை ஒரு பையில் போட்டு நிறுத்துக்கொள்ளுங்கள். மெஷின் சுற்றி முடித்ததும் அதே துணியை அதே பையில் போட்டு மறுபடி நிறுங்கள். கூடியிருக்கிற கிலோ எவ்வளவோ அவ்வளவு லீட்டர் தண்ணீர். மூன்று கிலோ துணி ஐந்தே கால் கிலோ காட்டினால் இரண்டே கால் லீட்டர் உள்ளே இருக்கிறது. மாதம் பதினைந்து தடவை துவைத்தால் கிட்டத்தட்ட 34 லீட்டர். நான் மேலே சொன்ன 35 யூனிட் அங்கிருந்துதான் வருகிறது.

டொப் லோட் மெஷின்களில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 700 சுற்று அளவில்தான் பிழிகின்றன. அந்த வேகத்தில் துணியின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர் தங்கிவிடும். முன்பக்கம் திறக்கிற மெஷின் 1200 சுற்றில் பிழிந்தால் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் தங்கும், மூன்று கிலோவுக்கு 1.65 லீட்டர் என்று வையுங்கள். ஒரு தடவைக்கு அரை லீட்டருக்கு மேல் வித்தியாசம். அந்த அரை லீட்டரைச் சுற்றி எடுக்க மோட்டாருக்கு 0.05 யூனிட்கூடப் போகாது. சூடாக்கி எடுக்க அரை யூனிட்டுக்கு மேல் போகும். பத்து மடங்குக்கும் கூடுதல். அதனால் நாளைக்கு வாஷிங் மெஷின் பழுதாகி மாற்றவேண்டி வந்தால், ட்ரையரைப் பற்றி யோசிக்கிற பணத்தில் ஒரு பகுதியை வேகமாகப் பிழிகிற மெஷினில் போடுங்கள் என்றுதான் சொல்வேன். இப்போதைக்கு, துவைத்து முடிந்ததும் பிழிகிற வேலையை மட்டும் இன்னொரு தடவை ஓடவிடுங்கள். துவாயையும் ஜீன்ஸையும் தனியாகப் பிழியுங்கள். மெல்லிய துணியோடு சேர்ந்தால் பாரம் ஒரு பக்கமாக ஒதுங்கி மெஷின் முழு வேகம் எடுக்காது.

அடுத்தது கொடி. இங்கேதான் நம் ஊரின் விஷயம் வருகிறது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, வட்டவளை பக்கமெல்லாம் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பண்டாரவளை, பதுளைப் பக்கத்துக்கு இதே தொல்லை மார்கழி, தையில் வரும். ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டு நிற்கிற நாட்களில் பருத்தித் துணி முழுதாகக் காயவே காயாது. காற்றோடு சமமாகிற வரை ஈரத்தை விடும், பிறகு அப்படியே நின்றுவிடும். மூன்றாம் நாள் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கிறதே, அது இதுதான். நான்காம் நாளும் அப்படித்தான் இருக்கும். நாட்கணக்கில் அப்படிக் கிடப்பதால்தான் வாடை வருகிறது, பூஞ்சணம் பிடிக்கிறது.

ஆனால் முதல் ஒரு லீட்டர் அப்படியில்லை. சொட்டுகிற துணி எந்த மழை நாளிலும், காற்று பட்டால், தண்ணீரை விடத்தான் செய்யும். பருவமழைக் காலத்தில் நமக்கு வெயில்தான் இல்லை, காற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே, கொடி எடுக்கக்கூடிய தண்ணீரைக் கொடி எடுக்கட்டும், கொடியால் முடியாத கடைசி ஈரத்துக்கு மட்டும் ட்ரையரைப் பிடியுங்கள். காலையில் துவைத்து இஸ்தோப்பில் காற்று ஊடுருவுகிற இடத்தில் போட்டு, பின்னேரம் பனிமூட்டம் இறங்குவதற்கு முன் எடுத்து ட்ரையரில் போட்டால், இரண்டே கால் லீட்டரில் ஒன்றரை லீட்டர் வரை போயிருக்கும். மிச்சம் முக்கால், எண்ணூறு மில்லிலீட்டர். பதினைந்து தடவைக்கு 12 யூனிட். காற்றே அசையாத நாளில் மேசை ஃபேனைத் துணிப் பக்கம் திருப்பி ஆறு மணி நேரம் விட்டால் 0.3 யூனிட். அதையும் சேர்த்துத்தான் 15 என்று சொன்னேன்.

வீட்டுக்குப் பின்னால் நான்கு கம்பம் நட்டு, மேலே வெளிச்சம் வருகிற கண்ணாடித் தகடு போட்டு, பக்கங்களைத் திறந்தபடி விட்டால் அதைப்போல ஒரு வசதி இல்லை. பலர் மழைச்சாரலுக்குப் பயந்து நாலு பக்கமும் பொலித்தீன் கட்டி அடைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் துணியிலிருந்து வந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். சாரல் வருகிற ஒரு பக்கத்தை மட்டும் மறையுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மழைக் கொழுந்து வந்தால் வெறும் காற்றை விடமாட்டார்கள், கொஞ்சம் சூட்டுக் காற்றைக் கலந்து விடுவார்கள். வீட்டுத் துணிக்கும் அதே கணக்குத்தான். 15 பாகையில் இருக்கிற நம் மலைக்காற்று ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 13 கிராம் நீராவிக்கு மேல் தாங்காது. அதை 25 பாகைக்குச் சூடாக்கினால் 23 கிராம் வரை தாங்கும். அதாவது 95 சதவீத ஈரத்தோடு இருந்த காற்று, பத்துப் பாகை சூடேறியதும் 55 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். அந்தக் காற்று துணியிலிருந்து ஈரத்தை நன்றாகவே உறிஞ்சும். மாமி அடுப்புக்கு மேலே கட்டுகிற கயிறு வேலை செய்வதற்குக் காரணமும் இதுதான். அவர் செய்வது சரியான வேலை, புகைதான் கூடாது. புகை படிந்த துணி குழந்தையின் தோலில் படுவதும், விறகடுப்புக்கு மேலே துணி தொங்குவதும் இரண்டுமே ஆபத்து. அதை மட்டும் நிறுத்துங்கள்.

இனி பில். இங்கே யூனிட்டை விடப் படி முக்கியம். இலங்கையில் வீட்டு மின்சாரத்துக்கு மாதம் 30, 60, 90, 120, 180 யூனிட் என்று படிகள் இருக்கின்றன. மேலே ஏற ஏற யூனிட் விலையும் கூடும், மாத நிலையான கட்டணமும் கூடும். ட்ரையர் எரிக்கிற யூனிட் எல்லாம் நீங்கள் ஏற்கெனவே எரிக்கிறதற்கு மேலே போய் உட்காரும். ஆகவே அதற்கு உங்கள் சராசரி விலையைப் போடக்கூடாது, கடைசிப் படியின் விலையைத்தான் போடவேண்டும். 60 யூனிட்டுக்குள் இருக்கிற வீட்டுக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். 60ஐத் தாண்டிய மாதத்தில் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலைப்பட்டியலுக்கு மாறிவிடுவார்கள். அவர்களுக்கு ட்ரையர் ஐந்து யூனிட் எரித்தாலும் முழு பில்லும் மாறும்.

விலையை நான் இங்கே எழுதினால் நீங்கள் படிக்கிறபோது அது பழசாகியிருக்கலாம். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதம் கூட்டினார்கள், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம். 2024இல் இரண்டு தடவை குறைந்தது, 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்து, ஜூனில் 15 சதவீதம் ஏறியது. லக்ஷபானையும் மேல் கொத்மலையும் நம் மண்ணில் இருந்தாலும் நமக்கென்று தனி விலை கிடையாது. அதனால் கடைசியாக வந்த பில்லைக் கையில் எடுத்து, கடைசிப் படி விலையைப் பாருங்கள். கணக்குக்காக 25 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 34 யூனிட்டுக்கு 850 ரூபாய், 12 யூனிட்டுக்கு 300 ரூபாய்.

உங்கள் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். இப்போது 80. சொட்டச் சொட்டப் போட்டால் 114, அதாவது 91 – 120 படிக்குள் நன்றாகப் போய்விடுகிறீர்கள், நிலையான கட்டணமும் ஒரு படி தாவும். கொடியில் போட்டுவிட்டுப் பிறகு ட்ரையரில் போட்டால் 92 – 95. இன்னும் ஐந்து யூனிட்டை எங்கேயாவது மிச்சம் பிடித்தால் 90க்குள்ளேயே நின்றுவிடலாம். அந்த ஐந்து யூனிட் உங்களுக்கு அயர்ன் பெட்டியிலேயே கிடைக்கலாம். ட்ரையர் நின்றதும் சூட்டோடு எடுத்து உதறி மடித்தால் வீட்டில் உடுத்துகிற துணிகளில் பாதிக்கு மேல் அயர்ன் தேவைப்படாது. ஈரம் போகட்டும் என்று மழைக்காலத்தில் ஒவ்வொரு துணியையும் அயர்ன் போட்டுக் காயவைக்கிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. 1000 வோட் அயர்ன் அரை மணி நேரத்தில் அரை யூனிட் வரை இழுக்கும், அந்தச் செலவும் நின்றுவிடும்.

எந்த வகை என்றால், மூன்று இருக்கின்றன. குழாய் வழியாக ஈரக்காற்றை வெளியே தள்ளுகிற வென்டட், ஈரத்தைத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கிற கண்டென்சர், ஹீட் பம்ப். முதல் இரண்டும் கரண்டில் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டுக்கும் லீட்டருக்கு ஒரு யூனிட். ஹீட் பம்ப், ஆவி தண்ணீராகும்போது விடுகிற சூட்டையே பிடித்துத் திரும்பப் பாவிக்கிறது. அதனால் லீட்டருக்கு 0.35 – 0.5 யூனிட்டில் முடித்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உங்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். உங்கள் 34 லீட்டருக்கு அது 15 யூனிட் எரித்தாலும், மிச்சம் மாதம் 19 யூனிட், 25 ரூபாய்க் கணக்கில் 475 ரூபாய். மழை மாதங்கள் ஐந்துக்கு 2,400 ரூபாய்கூட வராது. கொடியில் பாதி காயவைத்தால் அதுவும் இல்லை. விலையில் இருக்கிற இடைவெளியை இது எந்தக் காலத்தில் அடைப்பது? வருடம் முழுவதும் தினமும் ஐந்து கிலோ காயவைக்கிற வீடு, 180 யூனிட்டைத் தாண்டி எரிக்கிற வீடு, விருந்தினர் தங்குகிற விடுதி, இவர்களுக்கு அது வேறு கணக்கு. 1200 சுற்றில் பிழிந்தாலும் மாதம் 80 லீட்டர் சேரும். மிச்சமாகிற 45 யூனிட்டை யூனிட்டுக்கு 60 ரூபாய் என்று போட்டால் வருடத்துக்கு 32,000 ரூபாய் தாண்டும். அவர்கள் தாராளமாக ஹீட் பம்ப் வாங்கலாம். நுவரெலியா பக்கத்தில் வாங்குகிறவர்கள் அதைத் திறந்த இஸ்தோப்பில் வைக்கவேண்டாம். குளிர் கூடினால் ஹீட் பம்ப் மந்தமாகிவிடும், வீட்டுக்குள்ளே வையுங்கள்.

துவைப்பதும் காயவைப்பதும் ஒரே மெஷினில் என்று விற்பதைப் பற்றியும் கேட்பார்கள். எட்டுக் கிலோ துவைத்தால் ஐந்து கிலோ அளவுதான் காயவைக்கும், பல மொடல்கள் ஆவியைக் குளிரவைக்கக் குழாய்த் தண்ணீரையும் இழுக்கும். இடமே இல்லாதவர்களுக்கு மட்டும். துணிப்பை மாதிரி மூடிக் கீழிருந்து சூட்டுக்காற்று ஊதுகிற சின்ன அலுமாரிகளும் வந்திருக்கின்றன. 1000 வோட்டை மூன்று மணி நேரம் ஓடவிட்டால் மூன்று யூனிட், அதற்குக் காய்வது இரண்டு மூன்று கிலோ. மலிவாகத் தெரிவது வாங்கும்போது மட்டும்தான்.

உங்களுக்கு என் யோசனை, ஆறு ஏழு கிலோ அளவில், ஈரத்தை உணர்ந்து தானாக நிற்கிற சென்சர் உள்ள வென்டட் அல்லது கண்டென்சர். சென்சருக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. நேரம் திருகி வைக்கிற மெஷினில் எல்லோரும் பயத்தில் பத்து நிமிடம் கூட வைப்பார்கள். 2500 வோட்டில் பத்து நிமிடம் 0.4 யூனிட். கொடியில் பாதி காய்ந்த துணியைப் போடுகிற உங்களுக்கு அது பாதிச் செலவுக்குச் சமம். வென்டட் வாங்கினால் குழாயைக் கட்டாயம் சுவருக்கு வெளியே விடவேண்டும், வளைவில்லாமல் முடிந்தளவு குட்டையாக. அறைக்குள்ளேயே விட்டால் துணியில் இருந்த தண்ணீர் முழுவதும் சுவரிலும் அலுமாரியிலும் போய்ப் படியும். பஞ்சு பிடிக்கிற வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் வழித்து எடுங்கள். அடைத்தால் காற்று ஓடாது, நேரம் நீளும், யூனிட் கூடும், தீப்பிடிக்கவும் அதுதான் முதல் காரணம்.

வாங்குவதற்கு முன் வயரிங் பார்க்கவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். 2500 வோட் என்றால் 11 அம்பியர். 5 அம்பியர் உருண்டைப் பின் ப்ளக்கில் அடாப்டர் போட்டுக் குத்தவே கூடாது. எக்ஸ்டென்ஷன் வயரும் வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்த தனி 13 அம்பியர் ப்ளக், நல்ல எர்த், வேலை செய்கிற ட்ரிப் சுவிட்ச், இவ்வளவும் இருக்கவேண்டும். பழைய லயன் வீடுகளிலும் பிறகு கட்டிச் சேர்த்த காம்பராக்களிலும் வெளிச்சத்துக்கு இழுத்த மெல்லிய வயரிலேயே ப்ளக்கும் தொங்குவதைப் பார்க்கிறேன். அரை மணி நேரம் ட்ரையர் ஓடியபின் ப்ளக்கைக் கழற்றிப் பின்னைத் தொட்டால் கை சுடுகிறது என்றால் அங்கே ஓட்டக்கூடாது என்று அர்த்தம். ட்ரான்ஸ்ஃபோமருக்குத் தூரத்தில் இருக்கிற வீடுகளில் இன்னொரு விஷயம் உண்டு. 230 வோல்ட்டுக்குப் பதில் 200 வந்தால் 2500 வோட் ஹீட்டர் 1900 வோட் அளவுக்குத்தான் சூடு தரும். பில் பெரிதாகக் கூடாது, நேரம்தான் கூடும். அப்படிப்பட்ட இடத்தில் ஹீட் பம்ப்பின் கம்ப்ரஸருக்குத்தான் கஷ்டம். முடிந்தால் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை ஓட்டாதீர்கள். எல்லா வீட்டிலும் அடுப்பும் விளக்கும் டிவியும் ஓடுகிற அந்த நேரத்தில்தான் வோல்ட் விழும்.

குழந்தை இருப்பதால் கடைசியாக ஒன்று. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற துணி, தலைக்கு எண்ணெய் வைத்துப் படுக்கிற தலையணை உறை, இவற்றைச் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துவைக்காமல் ட்ரையரில் போடாதீர்கள். எண்ணெய் ஊறிய துணி சூடாகக் குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளலாம். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவானாலும் பிசுக்குப் போகாத துணி கொடிக்கு மட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும், வரட்டும் என்று காத்திருக்காமல், கதவைத் திறந்து துணியை வெளியே எடுத்து விரித்துவிடுங்கள். வீட்டில் ஆள் இல்லாதபோதும், எல்லோரும் தூங்கும்போதும் ட்ரையரை ஓடவிடவேண்டாம்.

இந்த வாரமே தராசில் நிறுத்துப் பாருங்கள். இரண்டாவது தடவை பிழிந்தபின் எவ்வளவு குறைகிறது, இஸ்தோப்பில் ஒரு நாள் கிடந்தபின் எவ்வளவு குறைகிறது என்று இரண்டையும் எழுதி வையுங்கள். பின்னேரம் நிறுக்கும்போது ஒரு லீட்டருக்கும் குறைவாகத்தான் மிச்சம் இருக்கிறது என்றால், ஒரு மூடிய காம்பராவில் சின்ன ஹீட்டர் ஒன்றை மணிக்கணக்கில் எரிப்பதைவிட ட்ரையரில் இருபது நிமிடம் மலிவு, தைரியமாக வாங்கலாம். ஒன்றரை லீட்டருக்கு மேல் நிற்கிறது என்றால் முதலில் அந்தக் கண்ணாடித் தகட்டுக் கூரையைப் போடுங்கள், ட்ரையரை அடுத்த மழைக்குப் பார்க்கலாம்.